சிஸ்டம் அனுப்பிய பட்டியல்

எம்.டி. எழுந்து வந்து தன் அறைக் கதவைத் தானே சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் இரண்டில் ஒன்று. யாரையோ வேலையை விட்டு அனுப்பப் போகிறார், அல்லது யாருக்கோ பதவி கொடுக்கப் போகிறார். எதிர் நாற்காலியில் இருந்தவள் இரண்டுக்கும் தயாராக ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள்.

"வாடிக்கையாளர் சேவைத் தலைவர்," என்றார் எம்.டி. "கேட்க எப்படி இருக்கு?"

"யாரு சார்?"

"நீங்கதான்மா. வேற யாரு?"

ஏழு வருடங்களுக்கு முன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த நிறுவனத்தில் நுழைந்தவள் அவள். சேவை அலுவலர், மூத்த சேவை அலுவலர், முதன்மை சேவை அலுவலர். பெயருக்கு முன்னால் வார்த்தைகள் கூடின, நாற்காலி மாறவில்லை. தலைவர் பதவி இரண்டு முறை அவள் மூக்கு நுனி வரை வந்துவிட்டு, வெளியிலிருந்து வந்தவர்களிடம் போனது. ஒருவர் பதினோரு மாதம் தாங்கினார். இன்னொருவர் ஐந்து மாதம். இரண்டு பேருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றார் எம்.டி.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"மருந்துக்கடைக்காரங்க இன்னொரு கம்பெனியை வாங்கிட்டாங்க. ஒன்பது கடை, இனிமே நூத்தி நாப்பது கடை. அத்தனைக்கும் நம்ம சாஃப்ட்வேர். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட வர்றாங்க. கூடவே ஒரு ஆலோசகரும் வர்றாங்களாம். காலைப் பட்டியல் எப்படி வருதுன்னு கண்ணால பார்க்கணுமாம்."

"காலைப் பட்டியலையா?"

"அதேதான். சிஸ்டம் தானா போட்டு அனுப்புதே, அது. அது ஒண்ணுக்காகத்தான் நம்மகிட்ட இருக்காங்களாம். மத்ததெல்லாம் சுமார்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. நீங்களே நடத்திக் காட்டுங்க. கையெழுத்து விழுந்தா, அன்னிக்கு சாயங்காலமே உங்க ஆர்டர் ரெடி."

அவள் 'வியாழன் 11' என்று எழுதினாள். வாடிக்கையாளர் கத்தினாலும் சரி, வானமே இடிந்தாலும் சரி, எழுத்து கோணக் கூடாது என்பது ஏழு வருடப் பழக்கம்.

காலைப் பட்டியலை சிஸ்டம் போடவில்லை. அவள் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

விற்பனைப் பிரிவின் தலைவருக்கு அலுவலகத்தில் 'ஆயிடும்' என்று பெயர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். நிலாவுக்கு லைசென்ஸ் கேட்டாலும் ஆயிடும்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் மருந்துக்கடை முதலாளி அவரிடம் ஒன்று கேட்டார். ஒன்பது கடைகளும் தங்களுக்கு வேண்டிய மருந்தை விடிவதற்குள் சிஸ்டத்தில் ஏற்றிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே மருந்தை ஒன்பது பேர் ஒன்பது பெயரில் எழுதியிருந்தால் அதையும் கண்டுபிடித்து, கிடங்கில் இருக்கிற சரக்கைப் பார்த்து, மூன்று வேன்களுக்கும் பிரித்து, ஏழு மணிக்குள் ஒரே பட்டியலாகக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது.

"ஆயிடுமா?"

"ஆயிடும் சார்."

ஆகவில்லை. முதல் நாள் சிஸ்டம் அனுப்பிய பட்டியலில் ஒரே தலைவலி மாத்திரை பதினோரு வரிகளில் வந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் போன் செய்து, "இது மருந்துப் பட்டியலா, இல்ல உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற ஆளுங்க லிஸ்ட்டா?" என்று கேட்டார். போனை எடுத்தவள் அவள். ப்ரோகிராமர்கள் இரண்டு வாரம் டைம் கேட்டார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் கையால் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள்.

காலை ஐந்து நாற்பதுக்கு வீட்டு மேஜையில் உட்காருவாள். ஆறு ஐம்பதுக்குள் பட்டியலை ஏற்றுவாள். பொதுவான லாகினில் ஏற்றியதால் அனுப்பியவர் என்ற இடத்தில் 'சிஸ்டம்' என்று தானாக விழுந்தது. அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு வாரம் நான்கு வருடமானது.

எம்.டி. அறையை விட்டு வெளியே வந்தவள் நேராக இரண்டாவது மாடிக்குப் போனாள். அங்கே ஜன்னலோரம் மூன்று மானிட்டர்களுக்கு நடுவே ஒரு ப்ரோகிராமர் இருந்தான். அவனுக்கு 'அடுத்த ரிலீஸ்' என்று பெயர். எதைக் கேட்டாலும், சாஃப்ட்வேரின் அடுத்த பதிப்பில் வந்துவிடும் என்பான்.

"வாங்கக்கா. என்ன, சர்வர் படுத்துடுச்சா?"

"காலைப் பட்டியல். அதைத் தானா போடுற மாதிரி எழுதணும்னா எத்தனை நாள் ஆகும்?"

"அதான் போடுதே?"

"போடல. நான் போடுறேன்."

அவன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்தான். அவன் கண்ணை எடுத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

"தினமுமா?"

"மருந்துக்கடைக்கு லீவு ஏதுப்பா?"

அவன் விரலை மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தான். "ரெண்டு ஆளை ஒதுக்கிக் கொடுத்தா மூணு மாசம்."

"வியாழக்கிழமை வேணும்."

"எந்த வருஷத்து வியாழக்கிழமை?"

அவள் சிரிக்கவில்லை. அவன் திரும்பி எதையோ தட்டித் தேடினான். ஒரு பக்கம் திறந்தது. அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். திறந்திருந்தால் சிவப்பு, மூடினால் பச்சை. வருடக் கடைசியில் யார் பெயரில் எத்தனை சிவப்பு என்று பார்த்துத்தான் மதிப்பெண். எப்படியாவது வாடிக்கையாளருக்கு வேலை நடந்துவிட்டால் மூடலாம் என்பது விதி. திரையில் காலைப் பட்டியலின் டிக்கெட் பச்சைப் பசேலென்று இருந்தது.

"மூடினது யாருன்னு பாருங்க," என்றான்.

அவளுடைய பணியாளர் எண். மாற்று வழி செய்து தரப்பட்டது என்று ஒரு வரி. தேதி, முதல் இரண்டு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை.

"நீங்க மூடினதும் எங்க வேலைப் பட்டியல்லேர்ந்து அது தானா போயிடுச்சு. ஆயிடும் சார் அதை 'இயங்கும் வசதி'ன்னு விளம்பரத்துல போட்டுட்டார். இருக்கிற வசதியை யாராவது மறுபடி உட்கார்ந்து எழுதுவாங்களாக்கா? திறந்தே விட்டிருந்தீங்கன்னா, உங்க ஆளுங்ககிட்ட திட்டு வாங்கிட்டாவது நாலஞ்சு மாசத்துல எழுதிக் கொடுத்திருப்பேன்."

ஒரு சிவப்பைத் தவிர்க்க அவள் அதை மூடியிருந்தாள். அந்த வருடம் அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதற்குப் பதிலாக ஆயிரத்து நானூறு காலைகள் போயின.

"சரி, எனக்கு ஒரு பட்டன் மட்டும் போட்டுக் கொடு," என்றாள்.

"என்ன பட்டன்?"

"அமுக்கினா ஒரு வட்டம் சுத்தணும். வேற எதுவும் நடக்க வேண்டாம்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். சொன்ன தேதிக்கு அவன் முடித்துக் கொடுத்த ஒரே வேலை அந்த வட்டம்தான்.

*

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடி. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் வீட்டுக்கு வர முட்டி தேயணும் என்று அவரே சொல்வார்.

"என்னங்க, வியாழக்கிழமை உங்களுக்கு லீவுதானே?"

"ஆமா. நல்லா தூங்கலாம்னு இருக்கேன்."

"பதினோரு மணிக்கு மட்டும் தூங்க வேண்டாம்."

அவள் திட்டம் முழுவதையும் சொன்னாள். பட்டியல் வேலை அவருக்குப் புதிதில்லை. அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது ஒரு நாள், அவள் அப்பா இறந்தபோது இரண்டு நாள், அவர்தான் போட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் ஒரு தாளில் விதிமுறைகளை எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் மேஜை டிராயரில் இருந்தது.

"அதாவது, அங்க நீ பட்டனை அமுக்குவே. இங்க நான்தான் சிஸ்டம்."

"ஆமா."

"எனக்கு என்ன பதவி தர்றாங்க?"

"நீங்க சிஸ்டம்னா நான் சிஸ்டத்தோட பொண்டாட்டி. இதைவிடப் பெரிய பதவி ரெண்டு பேருக்கும் கிடைக்காது."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் குரல் கொடுத்தார். "நாலு வருஷமா கோழிக்கு முன்னாடி எழுந்திரிக்கிறாளே, பெரிய பரீட்சை ஏதோ எழுதப் போறான்னு பக்கத்து வீட்ல பெருமை பீத்தி வெச்சிருக்கேன். கடைசில பார்த்தா மாத்திரை எண்ணுறாளாமா?"

"பரீட்சைதான் அத்தை. வியாழக்கிழமை," என்றாள்.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"பதவி போகும். வேலையும் போகலாம்."

"சொல்லலேன்னா நூத்தி நாப்பது கடை வந்து விழும். அதை யாரு போடுறது? நானும் நீயும் அம்மாவும் சேர்ந்தாலும் முடியாது."

"புதுக் கடைங்க சேர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள நான் தலைவர். ரெண்டு ப்ரோகிராமரை உட்கார வெச்சு நிஜமாவே எழுத வெச்சுடுவேன். யாருக்கும் தெரியாது."

"லிஃப்ட் கயிறு இத்துப் போயிருக்குன்னு தெரியும். இருந்தாலும் ஆளை ஏத்து, மூணாவது மாடி போறதுக்குள்ள மாத்திடலாம்ங்கிற."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. செய்யறேன்."

செவ்வாயும் புதனும் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். முதல் நாள் முப்பத்தொரு நிமிடம். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. அவருக்குத் தட்டச்சு வராது. ஆனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டார். அவருடைய தொழிலில் அப்படித்தான் பழக்கம்.

*

வியாழக்கிழமை, கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறை. மேஜையின் ஒரு பக்கம் எம்.டி., ஆயிடும், அவள். ஓரத்தில், ஏதாவது கேட்டால் பதில் சொல்ல, அடுத்த ரிலீஸ். எதிர்ப் பக்கம் மருந்துக்கடை முதலாளி. அவருக்கு முன்னால் ஒப்பந்தம், அதன் மேல் அவருடைய பேனா. அவருக்குப் பக்கத்தில் ஆலோசகர்: ஐம்பது வயதுப் பெண்மணி, குட்டையாக வெட்டிய முடி, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத வாய். கடைசி நாற்காலியில் ஏழாம் நம்பர் கடையின் மேனேஜர். கடையில் உட்கார்ந்து எப்படி ஆர்டர் ஏற்றுவாரோ அப்படியே இங்கே ஏற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார்கள்.

ஆலோசகர் கொடுத்த தாளைப் பார்த்து மேனேஜர் ஒன்பது கடை ஆர்டரையும் ஏற்றினார். பதினொன்று பத்து.

"இப்ப போடச் சொல்லுங்க," என்றார் ஆலோசகர்.

அவள் பட்டனை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. நகரத்தின் மறுமுனையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் மேடம். பழைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு வரும்."

"மெஷினுக்கு இருபது நிமிஷமா?"

"நிதானமா யோசிக்கிற மெஷின் மேடம்," என்றார் ஆயிடும்.

ஆலோசகர் அவர் பக்கம் திரும்பவில்லை. அவளைத்தான் பார்த்தார். "நாலு வருஷப் பட்டியலையும் பார்த்தேன். ஒரு நாள் ஆறு நாப்பத்தெட்டுக்கு வருது. ஒரு நாள் ஆறு அம்பத்தொன்பது. மெஷின் ஏன் ஒரு நாள் லேட்டா எழுந்திரிக்குது?"

"ஆர்டர் கூடக் குறைய இருக்கும்ல மேடம்."

"ம்."

ஐந்து நிமிடம் போனது. எம்.டி. வானிலை பற்றிப் பேசினார். எட்டாவது நிமிடம் ஒரு போன் அடித்தது. ஏழாம் கடை மேனேஜர் பதறிப்போய்ச் சட்டைப் பையில் கை விட்டார்.

"மன்னிக்கணும், ஆஃப் பண்ண மறந்துட்டேன்." திரையைப் பார்த்தார். "அட, நம்ம பட்டியல் மேடம்!"

"யாரு?" என்றார் ஆலோசகர்.

"பட்டியல் மேடம். ஆர்டர்ல ஏதாவது சந்தேகம்னா காலைல கூப்பிட்டுக் கேட்பாங்க. தங்கமான குரல். ஒரு நாள்கூட நேர்ல பார்த்ததில்லை."

பட்டியல் மேடம் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைகளுக்குப் பேசுகிற போனை வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். டிராயரில் இருந்த தாளின் கடைசி வரி அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எண்ணில் சந்தேகம் வந்தால் அனுப்பாதே, கடையைக் கூப்பிட்டுக் கேள். அவளே எழுதியது. அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். வியாழக்கிழமை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"எடுங்க," என்றார் ஆலோசகர். "ஸ்பீக்கர்ல போடுங்க."

"வணக்கம் சார், காலைப் பட்டியல்லேர்ந்து பேசுறேன்," என்றது ஓர் ஆண் குரல். "கண் சொட்டு மருந்து முந்நூறு கேட்டிருக்கீங்க. எப்பவும் முப்பதுதானே வாங்குவீங்க? ஒரு சைபர் கூட விழுந்துடுச்சோன்னு கேட்டுக்கலாம்னுதான்."

முதலில் சுதாரித்தவர் ஆயிடும்.

"இதான் மேடம் எங்க புது வசதி! சந்தேகம் வந்தா சிஸ்டமே போன் பண்ணி, மனுஷக் குரல்ல கேட்கும். செயற்கை நுண்ணறிவு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லாம வெச்சிருந்தோம்."

எம்.டி. ஒரு நொடி தாமதமாகப் புன்னகைத்தார்.

"எப்பவும் பொம்பளைக் குரல்ல பேசுமே?" என்றார் மேனேஜர். "இன்னிக்கு ஆம்பளையா மாத்திட்டீங்களா?"

"ரெண்டும் இருக்கு சார். எது வேணுமோ வெச்சுக்கலாம்."

ஆலோசகர் போனை நோக்கிக் குனிந்தார். "சிஸ்டம், நீ எங்கேர்ந்து பேசுற?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அவசரத்தில் பொய் வராது என்பதும் தெரியும்.

"சிஸ்டத்துலேர்ந்து," என்றது குரல், ஒரே சுதியில்.

"டேய், யாருகிட்டடா பேசிட்டிருக்கே? அடுப்புல பால் பொங்குது பாரு!" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

எம்.டி. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"பின்னணிச் சத்தம்கூட இயல்பா இருக்கும் மேடம்," என்றார் ஆயிடும். அந்த நேரத்தில் அவர் நெற்றி வியர்க்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

யாருமே எதிர்பாராத விதமாக மருந்துக்கடை முதலாளி மேஜையைத் தட்டினார். "பிரமாதம்யா! நூத்தி நாப்பது கடைக்கும் இப்படியே போன் போட்டுக் கேட்குமா?"

"ஆயிடும் சார்!"

முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றினார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஆலோசகர் அவரைத் தடுக்கவில்லை. கண்ணை அவள் மேலிருந்து எடுக்கவும் இல்லை.

இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாயங்காலம் பதவி ஆர்டர் கைக்கு வந்துவிடும். அவள் மனம் அதற்கு அடுத்த நாளுக்குப் போனது. ஆயிடும் இப்போது விற்ற குரல் நாளைக் காலை ஒரு டிக்கெட்டாக வரும். சேவைப் பிரிவுக்குத்தான் வரும். யாராவது ஒருவர் இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று அந்தக் குரலாக உட்காருவார். வெள்ளிக்கிழமை அதை மூடிப் பச்சையாக்குவார். மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவள் அவளாக இருப்பாள்.

அவள் போன் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க, முப்பதுன்னே போட்டு அனுப்பிடுங்க. போனை வெச்சுட்டுப் பாலைப் பாருங்க."

"சரிம்மா," என்றது சிஸ்டம்.

*

மீதியை அவள் எட்டு நிமிடத்தில் சொன்னாள். வாடிக்கையாளருக்குக் கோளாறு அறிக்கை கொடுப்பது மாதிரியே சொன்னாள்: எப்போது தொடங்கியது, ஏன், யார் மூடியது, அதன் பிறகு என்ன நடந்தது. மன்னிப்பு ஒரு முறை கேட்டாள். அழவில்லை. அடுத்த ரிலீஸ் எழுந்து நின்று, "அந்த வட்டம் மட்டும் நான் போட்டது சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"நாலு வருஷத்துல தப்பா போன பட்டியல் எத்தனை?" என்று கேட்டார் ஆலோசகர்.

"ரெண்டு. ரெண்டும் நான் போட்டது. அவர் போட்டது தப்பானதில்லை."

முதலாளி பேனாவை மூடினார். "ஒரு வீட்ல பொம்பளை தூக்கத்தைக் கெடுத்துத்தான் என் வேன் கிளம்புதுன்னு தெரியாம, ஊரெல்லாம் உங்க சாஃப்ட்வேரைப் பத்திப் புகழ்ந்துட்டு இருந்திருக்கேன்," என்றார். கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிளம்பினார்கள். மேனேஜர் மட்டும் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாசலில் ஆலோசகர் நின்றார். "இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமே?"

"பதவி வேணும்னு இருந்துச்சு மேடம்."

"இப்ப?"

"இப்பவும் வேணும்."

அவர் தலையசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை.

எம்.டி. நிறையப் பேசினார். அதன் சாரம் ஒன்றுதான்: ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் மறுக்கவில்லை. வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தாள். ஆனால் மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு அவளை விட்டால் பட்டியல் போட ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அவள் போட்டாள். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஒன்பது கடைகள் தொடரும். தொண்ணூறு நாளுக்குள் பட்டியல் நிஜமாகவே தானாக வந்தால் நூற்று நாற்பது கடைக்கும் கையெழுத்து. வராவிட்டால் இருக்கிற ஒன்பதும் கிடையாது. அதுவரை கையால் போடுகிற பட்டியலில் போட்டவர் பெயர் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு யார் என்று எழுத்தில் தர வேண்டும்.

பொறுப்பை ஏற்க எம்.டி. ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். "எனக்கு அந்த சப்ஜெக்ட் புதுசு சார்," என்றார் ஆயிடும். மற்றவர்களுக்கும் அன்று திடீரென்று வேலை அதிகமாக இருந்தது.

கடைசியில் அவளைக் கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"வாடிக்கையாளர் சேவைத் தலைவர். தொண்ணூறு நாளைக்கு. ஆச்சுன்னா பதவி உங்களோடது. ஆகலேன்னா..."

"புரியுது சார்."

"பலிகடான்னு நினைக்காதீங்க."

"நினைச்சாலும் பரவாயில்லை சார். ரெண்டு ப்ரோகிராமர் வேணும். இன்னிக்கே."

*

தலைவர் அறை சின்னது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, வாடாத பிளாஸ்டிக் செடி ஒன்று. அவளுக்குக் கீழே பதினோரு அலுவலர்கள். முதல் நாள் காலை பத்து மணிக்கு, குளிர்பதனக் கிடங்குகளைப் பார்த்துக்கொள்கிறவர் உள்ளே வந்தார். வயதில் அவளைவிட மூத்தவர். வந்து கதவைச் சாத்தினார்.

"வாழ்த்துக்கள் மேடம். ஒரு விஷயம்..." தொண்டையைச் செருமினார். "கிடங்கு வெப்பநிலை அறிக்கை மாசாமாசம் போகுதே. அது தானா போகலை. நான் ஒக்காந்து டைப் அடிக்கிறேன். ரெண்டு வருஷமா."

"டிக்கெட்?"

"பச்சை."

பத்தரைக்கு ஒரு பெண் வந்தாள். தானாக மொழிபெயர்க்கும் வசதி என்று ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். அவளும் அவள் தங்கையும்தான் அது. பன்னிரண்டு மணிக்கு இன்னொருவர். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர், வெளியே வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். எல்லோருடையதும் பச்சை.

ஏழாவதாக வந்தவள் பிரிவிலேயே இளையவள். ஒரு ஹோட்டல் குழுமத்தின் வலைப்பக்கத்தில் விருந்தினர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் உதவி ரோபோ இருந்தது.

"அது நான்தான் மேடம்."

"ராத்திரியுமா?"

"ராத்திரிதான் அதிகம் கேட்பாங்க. பழகிடுச்சு. 'மன்னிக்கவும், நான் ஒரு இயந்திரம், எனக்கு உணர்வுகள் கிடையாது'ன்னு டைப் பண்ணும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கும்."

ஐந்து மணிக்கு அவள் எம்.டி.யிடம் போனாள்.

"எத்தனை?" என்றார் அவர்.

"ஏழு. இன்னும் நாலு பேர் வரலை."

எம்.டி. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நம்ம சாஃப்ட்வேர்ல தானா ஓடுறது என்னதாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "லாகின் பக்கம் ஓடுது சார்."

"இதை வெளியே விடாதீங்க. ஏழு டிக்கெட்டையும் ஒண்ணாத் திறந்தா ஏழு சிவப்பு. ஏழு வாடிக்கையாளரும் வந்து நிப்பாங்க. இருக்கிற ரெண்டு ப்ரோகிராமரையும் அங்க இங்கன்னு இழுப்பாங்க. உங்க மருந்துக்கடை தொண்ணூறு நாளும் போயிடும், பதவியும் போயிடும். முதல்ல ஒண்ணு முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. கணக்கு சரியாக இருந்தது. இரண்டு வாரம் பொறுங்கள் என்று அன்று சொன்னவர்களின் கணக்கும் இதே மாதிரி சரியாகத்தான் இருந்தது.

அறைக்குத் திரும்பினாள். இளையவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரும்மா. அந்த ஹோட்டல் முதலாளி நம்பர் என்ன?"

"மேடம், வேண்டாம் மேடம். அவர் ரொம்பக் கோபக்காரர்."

"அதனாலதான் முதல்ல அவர்."

நான்காவது மணியில் எடுத்தார். அவள் பெயரையும் பதவியையும் சொன்னாள். அந்தப் பதவியை அவள் வெளியாள் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நாளைக்குச் சொல்ல முடியும் என்று தெரியாது.

"உங்க உதவி ரோபோ பத்திக் கொஞ்சம் பேசணும் சார்."

"அதுவா! அதைப் பத்தி மட்டும் குறை சொல்லிடாதீங்க," என்றார் ஹோட்டல் முதலாளி. "உங்க கம்பெனிலேயே உருப்படியான சாமான் அது ஒண்ணுதான். போன மாசம் என் பொண்ணு பரீட்சைல ஃபெயிலாயிட்டு, விடிய விடிய அதுகிட்ட புலம்பியிருக்கா. என்னமா ஆறுதல் சொல்லியிருக்கு தெரியுமா? நானே படிச்சுட்டு அழுதுட்டேன். அதுக்கு என்ன இப்போ?"

எதிரில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது இங்க என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கு சார்," என்றாள் வாடிக்கையாளர் சேவைத் தலைவர். "போனைக் கொடுக்கட்டுமா?"